சிக்கிக்கொண்டது சிம் தட்டு மட்டும்தானா?



திறன்பேசியின் ஓரத்தில் சிம் அட்டையைத் தாங்கும் சிறு தட்டு ஒன்று உண்டு. ஊசியால் அழுத்தினால் வெளியே வரும். சில வேளைகளில் வராது, சிக்கிக்கொள்ளும். இதைப் பற்றி எழுதத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருத்திக்கு என்ன இருக்கிறது என்று தாங்கள் வினவலாம். இருக்கிறது. அந்தத் தட்டின் காரணமாக நான் ஒரு மாணவனுக்கு அநீதி இழைத்தேன். அதை ஒப்புக்கொண்ட பிறகே மற்றவர்களைக் குறைகூறும் தகுதி எனக்கு வரும். ஆகவே, முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நடந்தது என்ன?

2021 பிப்ரவரி மாதம். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் பள்ளிகள் மூடியிருந்தன. இல்லிருப்புக் கற்றல் நடந்துகொண்டிருந்தது. என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன், பெயர் வேண்டாம். அவனுடைய தாயார் பத்து பெரண்டாம் தடையற்ற வாணிப வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் முறைவேலை செய்பவர். தந்தையார் லாரி ஓட்டுநர். வீட்டில் மூன்று பிள்ளைகள். திறன்பேசி ஒன்றே ஒன்று. வீட்டில் வேறு இணைய வசதி கிடையாது.

மூன்று பிள்ளைகளின் பாடத்திற்கும் தரவு போதவில்லை என்பதால், தந்தையார் மலிவான முன்கட்டண சிம் அட்டை ஒன்றை வாங்கி வந்து, இரவில் தாமே மாட்டினார். பழைய எண்ணின் அட்டையும் அதே தட்டில் இருக்க வேண்டும். அந்தப் பழைய அட்டை, முன்பு வேறொரு கைப்பேசியில் இருந்து, கடையில் வெட்டிச் சிறிதாக்கப்பட்டது. இரண்டையும் வைத்துத் தட்டை உள்ளே தள்ளினார். மறுநாள் திரையில் ‘சிம் இல்லை’ என்று வந்தது. தட்டை வெளியே எடுக்கப் பார்த்தார்; வரவில்லை. ஊக்கால் குத்தினார், வரவில்லை. தாயார் தம் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தார், அதன் காம்பாலும் குத்தினார், வரவில்லை. கைப்பேசிக் கடைக்கு எடுத்துச் சென்றார்கள். கடைக்காரர் திருப்பிப் பார்த்தார். “போர்டு போய்விட்டது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள்” என்றார். புதிது வாங்க அந்த மாதம் அவர்களிடம் பணம் இல்லை.

இவை எதுவும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றே: அந்த மாணவன் வகுப்புக்கு வரவில்லை. அழைத்தேன், தொடர்பு கிடைக்கவில்லை. ஒவ்வோர் இரவும் வகுப்பின் புலனக் குழுவில் வராதோர் பட்டியலை வெளியிட்டேன். அவன் பெயரைச் சிவப்பு எழுத்தில் போட்டேன். மற்ற பெற்றோர் அனைவரும் பார்த்தார்கள். பதினான்கு பள்ளி நாள்கள் இப்படியே போயின. என் குறிப்பேட்டில் ‘பொறுப்பற்றவன்’ என்றும் எழுதிவைத்தேன்.

மார்ச் மாதம் பள்ளி திறந்தது. என் மேசையருகில் வந்து நின்றான். “டீச்சர், சிம் மாட்டிக்கிச்சு டீச்சர்” என்றான். “பொய் சொல்லாதே” என்றேன் நான்.

மறுநாள் அவன் தாயார் இரவு வேலை முடிந்து, தொழிற்சாலைச் சீருடையோடு பள்ளி வாசலில் நின்றார். கையில் அந்தத் திறன்பேசி. ஓரத்தில் தட்டு அரை நகம் அளவு வெளியே வந்து நின்றுகொண்டிருந்தது. துளையைச் சுற்றிலும் கீறல்கள். “பையன் பொய் சொல்ல மாட்டான் டீச்சர்” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அந்தத் திறன்பேசியை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். எங்கள் வீட்டு வரிசையில் ஒரு பெரியவர் இருக்கிறார். தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பழுதுபார்ப்பாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவரிடம் கொடுத்தேன். முதலில் கைப்பேசியை அணைத்தார். கைவிளக்கையும் உருப்பெருக்கியையும் வைத்து இடுக்கைப் பார்த்தார். என்னிடமிருந்த பழைய ஒளிபுகு தாளிலிருந்து மெல்லிய பட்டை ஒன்றை வெட்டித் தரச் சொன்னார். அதை அட்டைக்கு மேலே மெதுவாக நுழைத்து, உள்ளே அட்டையைப் பற்றிக்கொண்டிருந்த உலோக விற்களைத் தாழ்த்தி, தட்டை இம்மி இம்மியாக இழுத்தார். பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டது. பிறகு இரண்டு அட்டைகளின் தடிப்பையும் அளந்து காட்டினார். “போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை டீச்சர். வெட்டிய கார்டுதான் தடிப்பு” என்றார். கூலி கேட்டேன், ஒரு குவளைத் தேநீர் போதும் என்றார்.

0.09 மில்லிமீட்டர்

அன்று அவர் சொன்னதைப் பிறகு நான் தேடிப் படித்து உறுதி செய்துகொண்டேன். சிம் அட்டை 1991இல் பிறந்தது. ஜெர்மனியின் மியூனிக் நகரிலுள்ள கீசக் அண்ட் டெவ்ரியண்ட் நிறுவனம், பின்லாந்தின் ரேடியோலிஞ்சா நிறுவனத்திற்காக 300 அட்டைகளைச் செய்து கொடுத்தது. அப்போது அது வங்கி அட்டையின் அளவு. பிறகு 25க்கு 15 மில்லிமீட்டர் ஆனது. 2010 அளவில் பரவத் தொடங்கிய மைக்ரோ சிம் 15க்கு 12. 2012இல் வந்த நானோ சிம் 12.3க்கு 8.8 மட்டுமே.

நீள அகலம் சுருங்கியதை எல்லாரும் அறிவோம். தடிப்பும் சுருங்கியதைப் பலர் அறியோம். முந்தைய அட்டைகளின் தடிப்பு 0.76 மில்லிமீட்டர், நானோ சிம்மின் தடிப்பு 0.67. பழைய அட்டையை வெட்டினால் நீள அகலம் குறையும், தடிப்பு குறையாது. இடைவெளி 0.09 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத அந்த இடைவெளிக்காகத்தான் ஒரு சிறுவன் பதினான்கு நாள் பாடத்தை இழந்தான். அவன் ஆசிரியையின் வாயால் பொய்யன் என்னும் பட்டமும் பெற்றான்.

இனி, இந்தச் சிக்கலைப் பற்றி நம்மவர்கள் வழக்கமாகச் சொல்லும் நான்கு கூற்றுகளை எடுத்துக்கொள்கிறேன். நான்கையும் நான் மறுக்கிறேன்.

முதல் கூற்று: “இன்னும் கொஞ்சம் அழுத்திக் குத்தினால் வந்துவிடும்”

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது நம் பழமொழி. சிம் தட்டு அம்மி அன்று. துளைக்குள் ஊசியை அழுத்தும்போது உள்ளே ஒரு சிறு நெம்புகோல் திரும்புகிறது. அதன் மறுமுனை தட்டைச் சற்றே வெளியே தள்ளுகிறது. அறிவியல் பாடத்தில் நாம் கற்பிக்கும் அதே நெம்புகோல்தான். தட்டு தடைபட்டிருக்கும்போது மேலும் அழுத்தினால் நெம்புகோல் வளையும் அல்லது இடம் பெயரும். அப்போதுதான் உண்மையான பழுது ஏற்படுகிறது. சிலர் பக்கத்தில் இருக்கும் ஒலிவாங்கியின் துளையில் குத்திவிடுகிறார்கள்; பிறகு பேசினால் மறுமுனைக்குக் கேட்பதில்லை.

நம் பாட்டிமார் பால்மரம் வெட்டியவர்கள். பட்டையை எவ்வளவு ஆழம் சீவ வேண்டும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். ஆழம் குறைந்தால் பால் வராது. மிகுந்தால் மரத்தில் காயம் விழும், ஏச்சு விழும், கூலியில் கைவைப்பார்கள். அத்தகைய கைகளின் பேரப் பிள்ளைகள் நாம். நம் கைக்குப் பொறுமை எங்கே போயிற்று? அந்தத் தந்தையாரை நான் குறைசொல்லவில்லை. மறுநாள் காலை மூன்று பிள்ளைகளுக்கும் பாடம் இருக்கும்போது யாருக்குத்தான் கை நடுங்காது? ஆனால், ‘நிறுத்து, அணை, விளக்கைப் போட்டுப் பார்’ என்ற மூன்று சொற்களை அவருக்கு யாரும் எப்போதும் கற்பித்ததில்லை. பள்ளியும் கற்பிக்கவில்லை. என் சண்டை அதனோடுதான்.

இரண்டாம் கூற்று: “புதியது வாங்கினால் தீர்ந்தது”

யாருக்குத் தீர்ந்தது? விற்பவருக்குத் தீர்ந்தது. மாதச் சம்பளத்தில் பாதியை எடுத்து வைக்க வேண்டிய குடும்பத்திற்கு அங்கேதான் தொடங்குகிறது.

எல்லாக் கடைக்காரர்களும் இப்படிப்பட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். பத்து வெள்ளிக்கு அரைமணி நேரம் குனிந்து வேலை பார்க்கும் நல்ல பழுதுபார்ப்பாளர்களும் உளர். ஆனால், திறந்தே பார்க்காமல் ‘போய்விட்டது’ என்று தீர்ப்பளிக்கும் வழக்கம் பெருகிவிட்டது. அதை நாமும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறோம். உலகில் 2022ஆம் ஆண்டில் மட்டும் சேர்ந்த மின்னியல் கழிவு 6 கோடியே 20 இலட்சம் டன் என்று 2024இல் வெளிவந்த உலக மின்கழிவு அறிக்கை கூறுகிறது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 விழுக்காடு மட்டுமே. அந்த மலையில் ஒரு தட்டு சிக்கியதற்காக எறியப்பட்ட கைப்பேசிகள் எத்தனை இருக்குமோ!

வெளியுலகம் விழித்துக்கொண்டது. பிரான்சு 2021 ஜனவரி முதல், ஒரு திறன்பேசியைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்பதற்குப் புள்ளி இட்டுக் கடையில் காட்ட வேண்டும் என்று சட்டம் செய்தது. நம் மாணவன் பாடத்தை இழந்த அதே ஆண்டு! இந்தியா 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையத்தளத்தைத் திறந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, ஒரு திறன்பேசி மாதிரியின் விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டுகளுக்கு உதிரிப் பாகங்கள் கிடைக்க வேண்டும். பயனீட்டாளர் தாமே வாங்கக்கூடிய பாகங்களின் பட்டியலில் சிம் தட்டும் இருக்கிறது. ஆம், நாம் அற்பம் என்று எண்ணும் இந்தத் தட்டேதான்!

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், 37ஆம் பிரிவு, பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப் பாகங்களும் நியாயமான காலத்திற்குக் கிடைக்க வேண்டும் என்கிறது. அதே பிரிவில் ஓர் ஓட்டையும் உண்டு: அவை கிடைக்கா என்று வாங்கும்போதே உரியவாறு அறிவித்துவிட்டால் உற்பத்தியாளர் தப்பிக்கலாம். அந்த ஓட்டையை அடைக்கச் சொல்லிக் கேட்க வேண்டியவர்கள் நாம். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டணம் செலுத்தி, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே முன்வைக்கலாம். இது நம் பெற்றோரில் எத்தனை பேருக்குத் தெரியும்? பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நாம் என்றைக்காவது சொல்லியிருக்கிறோமா?

மூன்றாம் கூற்று: “இ-சிம் வந்துவிட்டது, இனித் தட்டே இருக்காது”

தட்டு இல்லாத காலம் வரத்தான் போகிறது. 2022இல் அமெரிக்காவில் விற்கப்பட்ட ஐபோன் 14இல் சிம் தட்டு இல்லை. 2025இல் வந்த ஐபோன் ஏர் எந்த நாட்டிலும் தட்டு இல்லாமலே விற்கப்படுகிறது. இ-சிம்மில் நன்மைகள் உண்டு. அட்டை தொலையாது, வளையாது, சிக்காது. அதை மறுப்பது நேர்மையாகாது.

ஆனால், ஒன்றை எண்ணிப் பாருங்கள். கைப்பேசி விழுந்து உடைந்தால், அட்டையைக் கழற்றிப் பக்கத்து வீட்டு அக்காவின் பழைய கைப்பேசியில் மாட்டி, அதே எண்ணில் உடனே பேசலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இ-சிம்மை வேறொரு கைப்பேசிக்கு மாற்ற, அதை ஏற்கும் கைப்பேசி வேண்டும், இணையம் வேண்டும், நிறுவனத்தின் செயலியோ குறியீடோ வேண்டும். இவை எல்லாம் இருப்பவருக்கு அது வசதி. ஒரே கைப்பேசி உள்ள வீட்டுக்கு அது மற்றொரு பூட்டு. முன்பு மின்கலத்தை நாமே கழற்றினோம். இன்று பசை போட்டு ஒட்டிவிட்டார்கள். இப்போது அட்டையும் கைவிட்டுப் போகிறது. நாம் திறக்கக்கூடிய கடைசிக் கதவு அந்தத் தட்டு. அது சிக்குகிறது என்பதற்காகக் கதவையே அடைத்துச் சுவராக்கிவிடுவது தீர்வாகுமா?

நான்காம் கூற்று: “பிள்ளைகள் இதையெல்லாம் தொடக் கூடாது, பள்ளிக்கு இது எதற்கு?”

இதைச் சொல்பவர்களில் ஆசிரியர்களும் இருப்பதால் எனக்கு இதுவே மிகுந்த வருத்தம் தருகிறது.

நாம் வாழும் ஊர் எது? பத்து பெரண்டாம். 1971இல் தடையற்ற வாணிப வட்டாரச் சட்டம் வந்த பின்னர், மின்னியல் தொழிற்சாலைகள் குடியேறிய ஊர்களில் நம் ஊரும் ஒன்று. 1973இல் மலாக்காவில் சீமென்ஸ் தொடங்கிய ஆலை இன்று இன்ஃபினியோன் என்னும் பெயரில் இங்கேதான் நடக்கிறது. நேஷனல் செமிகண்டக்டர் ஆலை, 2011 முதல் டெக்சஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் வசமாகி இங்கேதான் இருக்கிறது. தோட்டத்தை விட்டு வெளியேறிய எத்தனையோ குடும்பங்களின் பெண்கள் ஐம்பது ஆண்டுகளாக இந்த வாசல்களில்தான் முறைவேலைக்குப் போய் வருகிறார்கள். உலகத்தின் கருவிகளுக்குள் இருக்கும் சில்லுகள் நம் தாய்மார்களின் கண்ணுக்கும் கைக்கும் கீழே கடந்து போகின்றன. அவர்களின் பிள்ளைகளிடம் நாம் என்ன சொல்கிறோம்? “தொடாதே, உடைந்துவிடும்.” செய்யத் தெரிந்த ஊரில் திறக்கத் தெரியாத பிள்ளைகளை வளர்க்கிறோம்!

நான்காம் ஆண்டு முதல் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடத்தைக் கற்பித்திருக்கிறோம். பெரும்பாலும் என்ன நடக்கிறது? கட்டுப் பொருள்களைப் பொருத்துகிறோம், படம் எடுக்கிறோம், கோப்பில் வைக்கிறோம். புதிதாகச் செய்வதற்கு இடம் உண்டு. பழுதானதைப் பார்ப்பதற்கு இடம் எங்கே? 2027 முதல் நடைமுறைக்கு வருமென அறிவிக்கப்பட்ட புதிய கலைத்திட்டத்தைப் பற்றி எங்கும் பேசுகிறோம். அதில் ‘பழுது பார்த்தல்’ என்ற சொல் எங்கே இருக்கிறது என்று நம்மில் யார் கேட்டோம்?

என்ன செய்யலாம்?

குறைகூறிவிட்டுப் போவது எளிது. ஆகவே, செய்யக்கூடியவற்றையும் சொல்கிறேன்.

பெற்றோருக்கு: வெட்டிய சிம் அட்டையை இன்னும் வைத்திருந்தால் நிறுவனத்தின் கிளைக்குச் சென்று நானோ அட்டையாக மாற்றிக்கொள்ளுங்கள், எண் மாறாது. நெகிழிச் சட்டத்துக்குள் சிறிய அட்டையைச் செருகி மாட்டாதீர்கள். அது உள்ளே நழுவி விற்களில் மாட்டும். வேறு மாதிரிக் கைப்பேசியின் தட்டைப் போடாதீர்கள். தட்டு சிக்கினால், முதலில் கைப்பேசியை அணையுங்கள். சரியான துளைதானா என்று பாருங்கள். நேரான, மழுங்கிய முனையுள்ள கம்பியால் நேராக அழுத்துங்கள். துளை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து மெதுவாகத் தட்டிப் பாருங்கள். எண்ணெய் விடாதீர்கள், பசை வைத்து இழுக்காதீர்கள், சூடு காட்டாதீர்கள். மூன்று முறைக்கு மேல் முயலாதீர்கள். கடைக்குப் போனால், “பின்புறத்தைத் திறந்து உள்ளிருந்து தள்ள முடியுமா?” என்று கேளுங்கள். அந்தக் கேள்வி கேட்டாலே கடைக்காரர் உங்களை வேறு விதமாகப் பார்ப்பார்.

ஆசிரியர்களுக்கு: வீட்டில் இறந்து கிடக்கும் பழைய கைப்பேசியின் தட்டையும், காலாவதியான அட்டைகளையும் வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். மின்கலம் உள்ள உடலைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். தட்டும் அட்டையும் போதும். அளக்கச் சொல்லுங்கள். 0.76இலிருந்து 0.67ஐக் கழிக்கச் சொல்லுங்கள். தசமம், நெம்புகோல், பொறுமை என மூன்று பாடங்கள் ஒரே மேசையில் முடியும். ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை, ஊரிலிருக்கும் ஓய்வுபெற்ற பழுதுபார்ப்பாளர்களைப் பள்ளிக்கு அழையுங்கள். நம் ஊரில் அவர்களுக்குப் பஞ்சமில்லை. விளையாட்டுப் போட்டிக்குப் பந்தல் போடும் நமக்கு, பழுதுபார்க்கும் நாளுக்கு நான்கு மேசை போட முடியாதா?

நம் அனைவருக்கும்: பிள்ளை வரவில்லை என்றால், முதலில் ‘ஏன்’ என்று கேட்போம். பட்டியலைப் பிறகு போடலாம். அழைத்துக் கிடைக்கவில்லை என்றால், அந்த அமைதியே ஒரு செய்தி என்று கொள்வோம். ஒரே கைப்பேசி உள்ள வீட்டில், அது பழுதானால், பழுதாகிவிட்டது என்று சொல்வதற்கும் அந்தக் கைப்பேசிதான் வேண்டும். இது அப்போது என் அறிவுக்கு எட்டவில்லை.

நிறைவாக

அந்த மாணவனிடம் நான் வகுப்பின் முன் மன்னிப்புக் கேட்டேன். புலனக் குழுவில் அவன் பெயரைச் சிவப்பில் போட்ட அதே கையால், தவறு என்னுடையது என்றும் எழுதினேன். குறிப்பேட்டிலிருந்த சொல்லை அடித்தேன். அவன் தலையை ஆட்டிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தான். என்னை மன்னித்தானா என்பது எனக்குத் தெரியாது; கேட்கும் துணிவும் எனக்கு வரவில்லை. இன்று இடைநிலைப் பள்ளியில் படிக்கிறான்.

அந்த வெட்டிய அட்டை இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அவன் தந்தையார் வேண்டாம் என்று கொடுத்துவிட்டார். ஆண்டுதோறும் தசமப் பாடம் வரும்போது அதை எடுத்து மாணவர்கள் கையில் கொடுத்து அளக்கச் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு மாணவன் அளந்துவிட்டு, “இவ்வளவுதானா டீச்சர்?” என்று கேட்கிறான்.

இவ்வளவுதான். சிந்திப்போம், செயல்படுவோம்.